திரையில் தெரிந்த கை

எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கிடையாது. அரசு அலுவலகக் கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடியில் ஓர் அறை. சுவரெல்லாம் சத்தத்தை விழுங்கும் கறுப்புப் பஞ்சு, நெற்றியைச் சுடும் விளக்குகள், ஒரு கேமரா, எதிரே ஒரு பெரிய டிவி. அந்த டிவியில் ஐந்து கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் எங்கோ இருக்கிற ஒரு கிராமத்துப் பள்ளி. அங்கே பெஞ்சு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், இயற்பியலும் வேதியியலும் எடுக்கத்தான் ஆள் இல்லை. போட்ட ஆளெல்லாம் வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார்கள். அதனால் நாங்கள். நான் வேதியியல். அடுத்த பீரியட் எக்ஸ்பிரஸ்.

எக்ஸ்பிரஸ் என்பது இயற்பியல் டீச்சருக்கு நாங்கள் வைத்த பெயர். எந்த ஸ்டேஷனிலும் நிற்காமல் பேசுவார். ஆனால் பாடம் எடுத்தால் சும்மா சொல்லக்கூடாது, கல்லுக்கும் புரியும். படிப்பதை விரலால் படிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நெம்புகோல் என்றால் ஸ்கேலை எடு, விசை என்றால் பெஞ்சைத் தள்ளு. எதற்கும் "என்னைப் பாத்துச் செய்" என்பார். நான் சமன்பாடுகளை எழுதிப் போட்டுவிட்டு ஒப்பேற்றுகிறவன். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

சேர்ந்த புதிதில் அவருக்கு ஒரு தொந்தரவு இருந்தது. டிவியின் மூலையில் தன் உருவமும் தெரியும். அவர் வலது பக்கம் கை நீட்டினால் டிவியில் இருக்கிறவர் இடது பக்கம் நீட்டுவார். பாதி வாக்கியத்தில் தடுமாறி நிற்பார். எங்கள் டெக்னீஷியனை எல்லோரும் ஒயர்க்காரர் என்போம். அவரிடம் போய், "எனக்குத் தலை சுத்துதுங்க. கண்ணாடியில பாக்கற மாதிரி வச்சுக் குடுங்களேன்" என்று கேட்டார். ஒயர்க்காரர் எதையோ தட்டினார், சரியாகிவிட்டது. பாடத்தின் படங்களும் எழுத்துகளும் தனி வழியில் போகிறவை. அவை எப்போதும்போல நேராகவே போயின. விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம்.

மூன்றாவது கட்டத்தில், முதல் பெஞ்சில், ஓர் உயரமான பெண் உட்கார்ந்திருப்பாள். பின்னால் இருக்கிறவர்களுக்கு மறைக்கிறது என்று எத்தனை தடவை எழுப்பிப் போட்டாலும் அடுத்த நாள் அங்கேயே இருப்பாள். முதல் பெஞ்ச் என்றே எங்களுக்குப் பெயராகிவிட்டது. அவள் அப்பா தண்ணி லாரி ஓட்டுகிறவர். லாரியின் பம்பு மோட்டார் நின்றுபோனால் இவள்தான் பிரித்துப் பார்ப்பாளாம். "அது சுத்தும்போது உள்ள எது எதைத் தள்ளுது டீச்சர்?" என்று முதல் வாரமே கேட்டவள்.

இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னவர் அந்தப் பள்ளியின் பி.டி. மாஸ்டர். டிவியைப் போட்டு, அணைத்து, நடுவில் தூங்குகிறவனைத் தட்டி எழுப்புவது அவர் பொறுப்பு. வகுப்பு முடிந்ததும் ஐந்து நிமிடம் ஊர்க்கதை பேசாமல் லைனை விடமாட்டார்.

"டீச்சர், இந்தப் புள்ளைக்கு பாலிடெக்னிக்ல எலக்ட்ரிகல் சேரணும்னு ஒரே பிடிவாதம். அவங்கப்பா கறாரா சொல்லிட்டாரு. இந்த வருசம் சீட்டு கெடைச்சா படிப்பு. இல்லேன்னா சித்தி கூடத் தையல் கம்பெனி. கீழ ரெண்டு தங்கச்சிங்க இருக்கில்ல."

"கிடைக்கும் சார், நான் விடமாட்டேன்" என்றார் எக்ஸ்பிரஸ். அந்த வார்த்தையை அவர் லேசாகச் சொல்லவில்லை.

மோட்டார் பாடம் நடந்த அன்று எனக்கு அடுத்த பீரியட். மூலையில் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காந்தத்துக்கு நடுவே மின்சாரம் ஓடும் கம்பி எந்தப் பக்கம் தள்ளப்படும் என்று கண்டுபிடிக்க ஒரு கை விதி உண்டு. இடது கையின் மூன்று விரல்களை ஒன்றுக்கொன்று குறுக்காக நீட்ட வேண்டும். சுட்டுவிரல் காந்தப்புலம், நடுவிரல் மின்னோட்டம், பெருவிரல் காட்டுகிற திசையில் கம்பி நகரும். கை மாறினால் திசையும் தலைகீழாக மாறிவிடும். எக்ஸ்பிரஸ் தன் இடது கையைக் கேமராவுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார்.

முதல் பெஞ்ச் எழுந்தாள். குரல் வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும். வாய் அசைந்து முடிந்த பிறகு கேட்டது.

"டீச்சர், புஸ்தகத்துல இடது கைன்னு போட்டிருக்கு. நீங்க வலது கையைக் காட்டறீங்களே?"

எக்ஸ்பிரஸ் சிரித்தார். "எதிர்ல நிக்கறவங்க கை அப்படித்தான்மா மாறித் தெரியும்."

"அப்ப நாங்க எந்தக் கையில செய்யணும்?"

அந்த நேரம் பார்த்து ஐந்தாவது கட்டம் உறைந்து போனது. நாலாவதில் யாரோ "சத்தமே வரல, சத்தமே வரல" என்று கத்தினார்கள். ஒயர்க்காரர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, நேரமாகிறது என்று கடிகாரத்தைக் காட்டினார்.

"புஸ்தகத்தை மூடும்மா. திரையில என் கை எப்படித் தெரியுதோ, அச்சா அதே மாதிரி உன் கையைப் பிடி. அது போதும். எல்லாரும் பிடிங்க!"

அவள் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள். ஒரு கையை இறக்கிவிட்டு இன்னொன்றைத் தூக்கினாள். ஐந்து ஊர்களிலும் கைகள் எழுந்தன. எங்கள் டிவியில் ஒரு பிள்ளையின் கை என் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். அத்தனை பேரும் தூக்கியிருந்ததைப் பார்த்து எனக்கே ஒரு சந்தோஷம் வந்தது. எக்ஸ்பிரஸ் அன்று முழுவதும் தரையில் நடக்கவில்லை. பரீட்சை வரும்வரை அந்தக் கையை வாரம் தவறாமல் தூக்க வைத்தார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விரல் தானாக நீள வேண்டும் என்பார். நீண்டது.

பொதுத்தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. கையை வரைந்து திசையைக் குறிக்கச் சொல்லியிருந்தார்கள். எக்ஸ்பிரஸ் இனிப்பு வாங்கிவந்து எல்லோர் வாயிலும் திணித்தார்.

ரிசல்ட் வந்தபோது எங்கள் ஐந்து பள்ளிகளுக்கும் வரவில்லை. நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். விசாரணைக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். விசாரித்த தேர்வு அலுவலக அதிகாரி கெட்டவர் அல்ல. எதிரே விடைத்தாள்களை விரித்து வைத்துக்கொண்டு அலுப்போடு பேசினார்.

"அஞ்சு ஊரு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே கிடையாது. ஆனா எல்லாரும் இடக்கை விதின்னு எழுதிட்டு வலது கையை வரைஞ்சிருக்காங்க. சரியான விடை ஒரே மாதிரி இருக்கலாம். தப்பு எப்படிங்க ஒரே மாதிரி வரும்? யாரோ வெளியிலிருந்து சொல்லிக் குடுத்திருக்காங்க."

"எங்க பிள்ளைங்க காப்பி அடிக்க மாட்டாங்க" என்றார் எக்ஸ்பிரஸ்.

"இதைப் பாருங்க, மூணாவது ஸ்கூலு." அவர் ஒரு தாளைத் திருப்பி வைத்தார். "முதல்ல இடது கையைத்தான் வரைஞ்சிருக்கு. அம்புக்குறிகூட சரி. அப்புறம் அதை அடிச்சுட்டு வலது கை. சரியா எழுதினதை அடிச்சுட்டுத் தப்பா எழுதுவாங்களா யாராவது? பக்கத்துல எட்டிப் பாத்திருக்கு."

அடித்திருந்ததும் அழகாகத்தான் அடித்திருந்தது, ஸ்கேல் வைத்து ஒரே கோடு. அது யாருடைய தாள் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

திரும்பி வந்ததும் எக்ஸ்பிரஸ் பையைக்கூட இறக்கி வைக்காமல் ஒயர்க்காரரிடம் போனார். பள்ளிகளுக்கு என்ன போனதோ, அந்தப் பதிவு வேண்டும் என்றார். அவர் போட்டார். திரையில் எக்ஸ்பிரஸ் பேசிக்கொண்டிருந்தார். நான் எப்போதும்போல வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "என்ன டீச்சர், உங்க மச்சம் கன்னம் மாறி உக்காந்திருக்கு?" என்றேன். அவருக்கு இடது கன்னத்தில் பட்டாணி அளவு மச்சம் உண்டு. திரையில் அது வலது கன்னத்தில் இருந்தது.

திரையில் இருந்தவர் கையைத் தூக்கினார். வலது கை.

ஒயர்க்காரரின் முகம் செத்துப் போய்விட்டது. "உங்களுக்கு மட்டும்னுதான் நினைச்சேன் டீச்சர். வெளிய போறதும் சேந்து திரும்பும்னு எனக்கு..." என்று மென்று விழுங்கினார். என் பாடத்தில் கைக்கு வேலை இல்லாததால் நான் தப்பித்தேன். நானும் ஒரு வருடமாக அந்தப் பிள்ளைகளுக்கு இடம் வலம் மாறிய ஆளாகத்தான் தெரிந்திருக்கிறேன்.

எக்ஸ்பிரஸ் அங்கேயே உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி எழுதினார். தப்பு தன்னுடையது, பிள்ளைகள் தான் காட்டியதைத்தான் செய்தார்கள், பதிவு இதோ. அதை எடுத்துக்கொண்டு திட்ட இயக்குநரிடம் போனார். நானும் கூடப் போனேன். இயக்குநர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது வெளிய போனா திட்டத்தையே மூடிருவாங்கம்மா. அப்புறம் அந்த ஊர்களுக்கு நீங்களும் கிடையாது, யாரும் கிடையாது. கொஞ்சம் பொறுங்க. நான் மேல பேசறேன்."

"சீட்டு முடிஞ்சுரும் சார்."

"பேசறேன்னு சொல்றேன்ல?"

பேசினாரோ என்னவோ, அந்தத் தாள் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. எக்ஸ்பிரஸ் தினமும் அவர் அறை வாசலில் போய் நின்றார். பொறுத்துப் பார்த்துவிட்டு, நேராகத் தேர்வு அலுவலகத்துக்கே போய்ப் பதிவைக் கொடுத்தார். இயக்குநரைத் தாண்டிப் போனதற்காக அவர் வேலை போனது. அதற்கு அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அந்த அதிகாரி பார்த்தார், நம்பினார், ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். ஒவ்வொரு மேஜையாக ஏறி இறங்கி ரிசல்ட் வெளியே வந்தபோது பாலிடெக்னிக் சேர்க்கை முடிந்து வகுப்பே தொடங்கிவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கட்டடத்தின் கதவை உதைத்தேன். கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை, கட்டைவிரல்தான் வீங்கியது.

"நேர்ல போய்ச் சொல்லணும் சார். இதையும் டிவியில சொல்லக் கூடாது" என்றார் எக்ஸ்பிரஸ்.

இரண்டு பஸ் மாறிப் போனோம். பி.டி. மாஸ்டர் வழி சொல்லியிருந்தார். தையல் கம்பெனி தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. உள்ளே மெஷின்களின் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்றோம். டீ இடைவேளைக்கு மணி அடித்ததும் பெண்கள் கும்பலாக வெளியே வந்தார்கள். கும்பலில் ஒரு தலை மட்டும் உயரமாகத் தெரிந்தது. முடியில் வெள்ளை நூல் ஒட்டியிருந்தது. பக்கத்தில் அவள் சித்தி.

எங்களைக் கண்டதும் நின்றாள். எக்ஸ்பிரஸின் முகத்தையே பார்த்தாள். பார்வை ஒரு கன்னத்துக்குப் போனது, பிறகு மறு கன்னத்துக்கு வந்து நின்றது.

"நேர்ல வேற மாதிரி இருக்கீங்க டீச்சர்."

நிற்காத எக்ஸ்பிரஸ் அன்று ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்றார். "ரிசல்ட்டு வந்துருச்சும்மா. நல்ல மார்க்கு" என்றார் கடைசியில்.

"பி.டி. சார் சொன்னாரு."

"அடுத்த வருசம் சேந்துரலாம். நான் உங்கப்பாகிட்ட பேசறேன்."

சித்தி குறுக்கிட்டாள். "எதுக்குங்க டீச்சர்? வேலையைப் பழகிட்டா. சின்னவளை ஸ்கூல்ல சேத்தாச்சு இவ சம்பளத்தை நம்பி. மறுபடி அவ மனசைக் கலைக்காதீங்க." திட்டுகிற குரலில் சொல்லவில்லை, கெஞ்சுகிற குரலில் சொன்னாள்.

"நீ அன்னைக்குக் கேட்டது சரிம்மா. நான்தான் தப்பாக் காட்டிட்டேன்" என்றார் எக்ஸ்பிரஸ்.

முதல் பெஞ்ச் தலையாட்டினாள். கோபமில்லை. பாடத்தில் ஒரு கணக்கு ஒத்துவந்தது போல, மெதுவாகத் தலையாட்டினாள்.

"பரீட்சையில முதல்ல இடது கையைத்தான் வரைஞ்சேன் டீச்சர். அப்பா லாரி மோட்டாரை வச்சு யோசிச்சுப் பாத்தேன், அதுதான் சரியா வந்துச்சு. அப்புறம், நம்மளுக்குத்தான் தப்பாத் தோணுது, டீச்சர் தப்பா சொல்ல மாட்டாங்கன்னு அடிச்சுட்டேன்."

மணி அடித்தது. சித்தி அவள் தோளைத் தொட்டாள். இருவரும் கும்பலோடு உள்ளே போனார்கள்.