பிரேக் மேடம் தண்ணீரில் இறங்கினார்

கார் ஓட்டும் தேர்வு நடத்தும் அந்த அம்மாளுக்கு ஊரெல்லாம் ஒரே பெயர்தான்: பிரேக் மேடம். பக்கத்து இருக்கையில் அமர்ந்து, முகத்தை இழுத்துப் பூட்டிக்கொண்டு, "கிளம்பு" என்று அவர் சொன்னாலே பாதிப் பேருக்குக் கால் பிரேக்குக்குப் போய்விடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிரித்த முகமாகத்தான் இருந்தார். ஆளாளுக்கு அழுது, கெஞ்சி, காலைப் பிடித்ததில் சிரிப்பை மூட்டை கட்டிவிட்டார். பதினோரு வருடமாகிறது. "வீட்டுக்குள்ள வரும்போதாவது ஆபீஸ் முகத்தைக் கழட்டி வையேன்" என்று கணவர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்.

அப்படிப்பட்டவர் நாற்பத்தாறு வயதில், ஒருவரிடமும் மூச்சு விடாமல், பெண்களுக்கான நீச்சல் வகுப்பில் சேர்ந்தார்.

முதல் நாள். இறுக்கமான ரப்பர் தொப்பி, இடுப்பளவு தண்ணீர், ஓரத்துக் கம்பியில் உடும்புப் பிடி. திரும்பினால், பக்கத்தில் கேக் கடைப் பெண்! போன வாரம்தான் அவளை இரண்டாவது தடவையாக ஃபெயில் ஆக்கியிருந்தார். முறைப்பாக இருக்கப் பார்த்தார். குளிரில் பற்கள் தந்தியடித்தன.

"புதுசா வந்த அக்கா, என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார் பயிற்சியாளர், கழுத்தில் ஊதல் தொங்கவிட்ட வாட்டசாட்டமான பெண்மணி.

"தையல்" என்று வாயில் வந்துவிட்டது.

கேக் கடைப் பெண் அவரையே பார்த்தாள். காட்டிக் கொடுக்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

"ஆமா டீச்சர், எனக்குக்கூட ஒரு கவுன் தைச்சுக் குடுத்தாங்க. அளவுலதான் ரொம்பக் கறாரு. ஒரு நூல் பிசகக்கூடாது!"

அவ்வளவுதான், குளமே மொய்த்துக்கொண்டது. "அக்கா, எனக்கு ரெண்டு சட்டை!" "ஜன்னல் திரை தைப்பீங்களா?"

"வரிசையா வாங்க, அக்காவுக்கு நாலு மாசத்துக்குக் கை ஒழியாது" என்று கேக் கடைப் பெண் வேறு அதட்டினாள்.

பிரேக் மேடத்தின் வயிற்றிலிருந்து ஏதோ குமுறிக் கிளம்பியது. அடக்கினார். அடங்கவில்லை. வெடித்துச் சிரித்துவிட்டார்.

"எனக்கு ஊசியில நூல் கோக்கவே தெரியாதுங்க! டிரைவிங் டெஸ்ட் எடுக்குறவ நான். இவளை ரெண்டு தடவை ஃபெயில் பண்ணினதும் நான்தான்!"

"ஐயோ, பிரேக் மேடமா!" மூலையில் ஒருத்தி அலறி, முழுகி எழுந்தாள். சிரிப்பில் குளம் அதிர்ந்தது.

கண்ணைத் துடைக்கப் போய் அவர் கம்பியை விட்டிருந்தார். பயிற்சியாளர் அந்தச் சமயத்தைப் பிடித்துக்கொண்டார். "அப்படியே மல்லாந்து சாயுங்க. தலையை நான் தாங்குறேன்."

சாய்ந்தார். காதில் தண்ணீர் புகுந்தது. கால்கள் தாமாக எழும்பின.

"டீச்சர் கையை எடுத்தாச்சு மேடம்! மிதக்குறீங்க!" கேக் கடைப் பெண் துள்ளினாள்.

"ஏய், நான் மிதக்குறேன்!" என்று கத்தி, ஒரு வாய்த் தண்ணீரைக் குடித்து, இருமிக்கொண்டே எழுந்தார். "இன்னொரு தடவை!" வகுப்பு முடிவதற்குள் ஏழு தடவை மிதந்தார்.

உடை மாற்றும் அறையில் கேட்டார்: "ஏம்மா என்னைக் காட்டிக் குடுக்கல?"

"நீங்க கம்பியைப் பிடிச்சிருந்த பிடி, நான் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரியே இருந்துச்சு மேடம். மனசு கேக்கல. வியாழக்கிழமை மறுபடி டெஸ்டுக்கு வர்றேன்."

"வா. திரும்புறதுக்கு முன்னாடி கண்ணாடியைப் பாரு. பாக்கலன்னா அன்னைக்கும் ஃபெயில்தான்."

வியாழக்கிழமை இருவரும் முன்பின் தெரியாதவர்கள் போலத்தான் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். அவள் ஒவ்வொரு திருப்பத்திலும் கண்ணாடியைப் பார்த்தாள். தாளில் 'பாஸ்' என்று எழுதிக் கொடுத்ததும் அவள் போட்ட கூச்சலில், வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் கைதட்டினார்கள்.