பெரட்டில் பேர் கூப்பிட்டால்

வரிச் சீர்திருத்தம் பற்றி எல்லாத் தரப்பும் கருத்துச் சொல்லலாம் என்று ஊட்டியில் கூட்டம் வைத்தார்கள். சேரம்பாடிப் பக்கத்துச் சின்ன யூனியனான எங்களுக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. அதில் தேயிலைக் கொழுந்து பறிக்கிற தெய்வம்மா அக்காதான் உட்கார வேண்டும் என்று அடம்பிடித்தவன் நான், யூனியன் செயலாளர் மனோகரன்.

ஒரு வாரம் பேசிப் பார்த்தோம். சொல்ல வேண்டியது ஒன்றுதான். அட்டைக்கடிக்கும் மழைக்கும் பயந்து பூட்ஸும் மழைக்கோட்டும் சொந்தக் காசில் வாங்குகிறோம், அதற்கு வரியும் கட்டுகிறோம்.

"கம்பெனி சாமான் வாங்குனா கட்டுன வரியக் கழிச்சுக்குது தம்பி. நாங்க எங்க போயி கழிக்கிறது?" என்று என்னைவிட நன்றாகவே அக்கா சொன்னார்.

கூட்டத்தில் ஆலை முதலாளிகளும் வியாபாரிகளும் ஓட்டல்காரர்களும் ஆளுக்குக் கால் மணி நேரம் பேசினார்கள். கடைசியில் அதிகாரி காகிதத்தைப் பார்த்து, "தெய்வம்மா, தோட்டத் தொழிலாளர்" என்றார்.

அக்கா சட்டென்று எழுந்தார். "இருக்கேன் ஐயா!" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி டிக் அடித்தார். "நன்றி. கூட்டம் நிறைவு."

பின்வரிசையில் இருந்த நான் பதறி எழுவதற்குள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். தோட்டத்தில் தினமும் காலையில் பெரட்டு நடக்கும். கங்காணி பேர் கூப்பிடுவார், இருக்கேன் என்றால் வருகை பதிவாகும், அவ்வளவுதான். அதை யோசிக்காத நானெல்லாம் என்ன செயலாளர்? என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

அக்கா வாசலில் அதிகாரியை மறித்தார்.

"ஐயா, முப்பது வருஷமா பேர் கூப்புட்டா ஆள் இருக்கான்னுதான் கேக்குறாங்க. பேரக் கேட்டதும் பேசத்தான் கூப்புட்டீங்கன்னு தோணல. இப்பச் சொல்லவா?"

"எழுதிக் கொடுத்துடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறினார்.

அன்றைக்கே எழுதி, அக்காவின் கைநாட்டோடு கொடுத்துவிட்டு வந்தோம்.

இரண்டு மாதம் கழித்து அறிக்கை வந்தது. நாற்பது பக்கத்தில் எங்களைப் பற்றி ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. மறுநாள் பெரட்டு தொடங்குவதற்கு முன்பே போய் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"தொழிலாளர் தரப்பு: ஆஜர். கருத்து ஏதுமில்லை."

அக்கா போய் வரிசையில் நின்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

கங்காணி நோட்டைத் திறந்தார்.

"தெய்வம்மா!"

பதில் இல்லை. அவர் நிமிர்ந்து பார்த்து இன்னொரு தடவை கூப்பிட்டார்.

"எதுக்குக் கூப்புடுறீங்க?" என்றார் அக்கா. "அத மொதல்ல சொல்லுங்க."