காதில் இருந்த பீடி

இந்தக் காலத்தில் யாரிடமாவது ‘வேண்டாம்’ என்று சொல்லிப் பாருங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் போவதில்லை. ஏன் வேண்டாம், என் மேல் என்ன கோபம் என்று தோண்டுகிறார்கள். சரி என்று வாங்கிக்கொண்டால் அதற்கும் இன்னொருவன் குற்றம் பிடிக்கிறான்.

எனக்கு அடிவயிற்றில் குடலிறக்கம். மாசி அறுப்பில் நெற்கட்டைத் தலைக்கு ஏற்றும்போது பிதுங்கிய குடல் உள்ளே போகவில்லை. வரப்பில் விழுந்து மாடு மாதிரி கத்தினேன். எப்படியோ உள்ளே போயிற்று. ஆஸ்பத்திரியில் டாக்டர் சத்தியராஜ் பார்த்துவிட்டு, “இன்னொரு தடவ மாட்டினா ஆளு தங்காது. கீறித் தைக்கணும்” என்றார். அதற்கு முன்னால் இருபத்தொரு நாள் பீடி தொடக்கூடாதாம். மயக்கம் தெளிந்து இருமினால் தையல் பிரிந்துவிடுமாம்.

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. என் அப்பன் எண்பது வயது வரை சுருட்டுப் பிடித்தவன். இருந்தாலும் வரப்பில் பட்ட வலி இன்னொரு தடவை வேண்டாம். விட்டேன். கை பீடியைத் தேடும்போதெல்லாம் ஒரு நல்லமிளகைக் கடித்தேன். இரண்டாம் வாரம் நாக்கு வெந்துபோயிற்று.

“ரசத்துக்கு இனி ஒம்ம வாயத்தான் கரைச்சு ஊத்தணும்” என்றாள் என் வீட்டுக்காரி தாணம்மாள்.

இருபத்தொன்றாம் நாள் காலையில் கொட்டாரம் ஊரில் என் மைத்துனன் கோலப்பன் மகளுக்கு நிச்சயம். அது முடிந்து சாயங்காலம் நான் ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க வேண்டும். வெற்றிலைத் தட்டுக்குப் பின்னால் பீடித் தட்டு வந்தது. எங்கள் உறவுக்குள் எந்தத் தட்டை ஒதுக்கினாலும் அந்த வீட்டோடு பகை என்று அர்த்தம்.

“எடும் அத்தான்” என்றான் கோலப்பன்.

“வேண்டாம் மக்கா, விட்டாச்சு.”

“எந்த சாமிக்கு நேர்ச்ச?”

“கத்தி வெச்சிருக்க சாமிக்கு.”

கூட்டம் சிரித்தது. கோலப்பன் சிரிக்கவில்லை. குனிந்து மெல்லச் சொன்னான்: “மாப்பிள வீட்டுக்காரனுவ பாக்கானுவ. பொண்ணுக்க மாமனே தட்டத் தள்ளினா என்ன நெனப்பானுவ? குடிக்காண்டாம், எடுத்தாப் போதும்.”

ஒன்றை எடுத்துக் காதில் செருகிக்கொண்டேன். நாற்பது வருஷப் பழக்கம். அது அங்கே இருப்பதே காதுக்குத் தெரியாது. அப்படியே பஸ் ஏறிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ராஜபாய் முதலில் என் காதைத்தான் பார்த்தாள்.

“பாட்டா, அது என்ன, பூவா?”

தொட்டுப் பார்த்தேன். கோலப்பன் வீட்டுப் பீடி.

டாக்டர் வந்தார். “விட்ட ஆளு இதச் சொமந்துக்கிட்டு வருவாரா? நாளைக்கு முடியாது. மூணு வாரம் கழிச்சு வாரும்.”

“அதுக்குள்ள குடலு மாட்டினா?”

அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். நான் கட்டிலில் ஏறி உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“நுனியப் பாரும், தீ பட்டிருக்கா? எடுக்காட்டா சம்பந்தம் கெட்டுப்போவும்னு எடுத்தேன். குடிக்கல்ல. போவவும் மாட்டேன். தூக்குகதுன்னா கட்டிலோட தூக்கும்.”

“எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுகாவ” என்றாள் ராஜபாய்.

“அப்பம் அந்தக் கொழாய நெஞ்சுல வெச்சுப் பாரும். அது ஒங்க ஆளுதானே!”

டாக்டர் குழாயை முன்னும் பின்னும் வைத்துக் கேட்டார். மூச்சை இழுக்கச் சொன்னார், இருமச் சொன்னார். என் பழைய சீட்டை எடுத்துப் பார்த்தார். அன்றைக்குக் கரகரத்த நெஞ்சு இப்போது சுத்தமாக இருக்கிறதாம். “சரி, காலைல வெச்சுக்கிடலாம்” என்றார். அறுபது வயதுக்காரன் வாக்கை நம்பாதவர் ரப்பர் குழாயை நம்பினார்.

கீறித் தைத்தார்கள். இருமல் வரவில்லை. தையல் நின்றது.

பத்தாம் நாள் நான் கிளம்பும்போது டாக்டர் பக்கத்துக் கட்டிலைக் காட்டினார். குளச்சல் செய்யது அலி. அவருக்கும் என் வியாதிதான். பீடியை விடமாட்டேன் என்று முரண்டு பிடித்துக்கொண்டிருந்தார்.

“பீடிய விட்டதாலதான் தையல் நின்னுதுன்னு இவருட்ட ஒரு வார்த்த சொல்லும், பாட்டா.”

“அது எனக்கெப்பிடித் தெரியும்? எனக்க தோலு கெட்டியா இருக்கும்.”

செய்யது அலி எழுந்து உட்கார்ந்தார். “நீரே நம்பல்ல. பின்ன நான் எதுக்கு விடணும்?”

“நம்பாண்டாம் வேய். விடாம இவரு கத்தியத் தொடமாட்டாரு. குடலு மாட்டினா என்ன வலின்னு ஒமக்குத் தெரியாது. விட்டுத் தொலையும்.”

டாக்டர் சிரித்தார். “இப்பமாவது நம்புதேரா?”

“இல்ல.”

துணிப்பையைத் தோளில் போட்டு, அடிவயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தேன்.