வேலை முடிந்தபின் எடுத்த படம்

என் அக்காவின் கணவர் ஒரு நிபுணர். இதை நான் சொல்லவில்லை. அவர் போனில் இருக்கும் 'நாமே பழுதுபார்ப்போம்' என்கிற குழு சொல்கிறது. பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடும் இடம் அது. எதை எப்படிக் கழற்றுவது, எப்படித் துடைப்பது, எப்படி மாட்டுவது என்று படத்தோடு கையேடு எழுதி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள். நல்ல நோக்கம்தான். நல்ல நோக்கம் உள்ள இடங்களில் விதியும் இருக்கும். ஒரு கையேட்டின்படி வேலையை முடித்து, வண்டிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துப் போட்டால்தான் குழுத் தலைவர் அடுத்த கையேட்டை அனுப்புவார்.

மாமாவுக்கு வேண்டியது கார்புரேட்டர் கையேடு. அதை அடைய பேட்டரி, ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் என்று மூன்று படிகள் ஏற வேண்டியிருந்தது. மூன்றையும் ஒரே மதியத்தில் ஏறினோம். மாமா மூன்று சட்டை மாற்றினார், நான் மூன்று படம் எடுத்தேன். கடைசிப் படத்துக்கு மட்டும் கன்னத்தில் கொஞ்சம் கரி தடவிக்கொண்டார்.

"இயற்கையா இருக்கா மாப்ள?"

"அடுப்புக்குள்ள தூங்கி எந்திரிச்ச பூனை மாதிரி இருக்கு மாமா."

"அது போதும். எடு."

இவ்வளவு பாடும் அக்காவின் வேலைக்காகத்தான். ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. பல வருடங்களாக அவள் கேட்டு அலைந்த இடம். விடிவதற்குள் போய்க் கூடத்தைத் திறக்க வேண்டும். திங்கட்கிழமை வந்து சேராவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவரைக் கூப்பிடுவோம் என்று மிகவும் மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள். அந்த நேரத்துக்குப் பேருந்து கிடையாது. வாடகை வண்டிக்காரர்கள் நேரத்தைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது மாமாவின் அப்பா விட்டுப்போன கார். என்னைவிட மூத்தது, என்னைவிடக் கனமான கதவுகள். ஓடும், ஆனால் வேகம் குறைந்தால் இருமிவிட்டு அணைந்துபோகும்.

தெருக்கோடி மெக்கானிக்கிடம் கேட்டோம். "கொண்டு வாங்க சார், பாக்கறேன். ஆனா இந்த மாதிரி வண்டி உள்ள வந்தா வெளிய போறதுக்கு ஆறு மாசம் ஆகும். நெறைய பேரு மறந்தே போயிடறாங்க" என்றார். போன வருடம் ஒருவர் மறந்துவிட்டுப்போன வண்டிமேல் உட்கார்ந்துதான் அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"கார்புரேட்டர்ல அழுக்கு. அவ்வளவுதான் மேட்டரு" என்றார் மாமா. "நானே பாத்துக்கறேன்."

மாமா குடிநீர் வாரியத்தில் புகார் பிரிவில் இருக்கிறார். தண்ணீர் வரவில்லை என்று எழுதுகிறவர்களுக்கு, தண்ணீர் வராததை வாரியம் கவனித்துவிட்டது என்று பதில் எழுதுவது அவர் தொழில். அவர் எதையும் திருகிக் கழற்றி நான் பார்த்ததில்லை, ஜாம் பாட்டிலைத் தவிர. அதையும் அக்காதான் திறந்தாள்.

சனிக்கிழமை காலை கையேடு வந்தது. மாமா அதைத் திறப்பதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, வேலை முடிஞ்ச படத்தை இப்பவே எடுத்துடலாம்."

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே மாமா."

"இப்ப வெளிச்சம் நல்லா இருக்கு. அப்புறம் கை, சட்டை எல்லாம் அழுக்காயிடும். எப்படியும் முடிக்கத்தானே போறோம்."

வாதத்தில் ஓட்டை இல்லை. எடுத்தேன். மாமா அதை உடனே குழுவில் போட்டார். பெருவிரல்களும் கைதட்டல்களும் மழையாகப் பொழிந்தன. தலைவர் அவரை 'நிபுணர்' பட்டியலில் சேர்த்தார். அதன்பிறகு நிபுணர் பானட்டைத் திறந்து, கார்புரேட்டர் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டார்.

கண்டுபிடித்துவிட்டோம். காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்கு ஊட்டுகிற அந்த உலோகக் கட்டியை வெளியே எடுத்து, சாப்பாட்டு மேசைமேல் பழைய போர்வை விரித்து, பிரித்தோம். கையேடு நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. மதியம்வரை எங்களுக்கே எங்கள்மேல் மரியாதை வந்தது. அப்புறம் மாமா அடிப்பாகத்தைக் கையில் எடுத்துக் கவிழ்த்தார். டிங் என்று ஒரு சத்தம். சின்ன இரும்புக் குண்டு ஒன்று, மிளகு அளவு, போர்வையில் விழுந்து உருண்டு நின்றது.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"உள்ளேருந்து."

"உள்ள எங்கேருந்துடா?"

உள்ளே நாலைந்து ஓட்டைகள் இருந்தன. எல்லாமே அந்தக் குண்டை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தன. கையேட்டில் குண்டு என்கிற சொல்லே இல்லை. அந்தப் பாகத்தின் படம் இருந்தது. ஆனால் சரியாக அந்த ஓட்டைகள் இருக்கும் இடத்தில், படம் எடுத்தபோது குறுக்கே வந்துவிட்ட தலைவரின் கட்டைவிரல் இருந்தது. மாமா படத்தைப் பெரிதாக்கினார். விரல் பெரிதானது.

"குழுவுல கேளுங்க மாமா."

"என்னன்னு கேக்கறது? காலைலதான் வெற்றிகரமா முடிச்சிருக்கேன்."

திருடனைத் தேள் கொட்டினால் என்ன செய்வான் என்பதை நான் அன்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நேரில் பார்த்தேன். கத்த முடியாது. வியர்க்கும்.

இதற்கு நடுவில் போன் சிணுங்கியது. குழுவில் மஞ்சள் கார் வைத்திருக்கும் ஒருவர், புது நிபுணரிடம் தனியாக ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். 'சார், கார்புரேட்டர் பிரிக்கும்போது சின்னதா ஒரு இரும்புக் குண்டு விழுந்துச்சு. அது எந்த ஓட்டைக்குள்ள போகும்னு சொன்னா புண்ணியமா போகும்.'

மாமா அதை மூன்று முறை படித்தார். பிறகு அவர் முகத்தில் அலுவலகக் களை வந்தது. தட்டினார்: 'தங்கள் ஐயம் கவனத்தில் கொள்ளப்பட்டது. கையேட்டை மீண்டும் ஒருமுறை ஊன்றிப் படிக்கவும்.'

'நன்றி சார். இப்போ தெளிவாயிடுச்சு' என்று பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் மஞ்சள் காருக்குப் பக்கத்தில் அவர் சிரித்துக்கொண்டு நிற்கும் படமும் வந்தது.

"அவனுக்கு மட்டும் எப்படிடா புரிஞ்சுது?" மாமா போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நீங்க சொல்லிக்கொடுத்தது அப்படி மாமா."

அன்று முழுக்க மாமா ஒவ்வொரு ஓட்டையிலும் குண்டைப் போட்டுப் பார்த்தார். ஒன்றில் உள்ளேயே போய் ஒளிந்துகொண்டது, ஊதி எடுத்தோம். இன்னொன்றில் ஆடியது. மற்றொன்றில் அழகாக உட்கார்ந்தது, ஆனால் மேலே மூட வேண்டிய மூடி மூடவில்லை. அக்கா வந்து கேட்டபோதெல்லாம் "முடியப்போகுது" என்றார். அதுவும் அவர் அலுவலகத்தில் பழகிய பதில்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து மேசைமுன் நின்றாள். நாளைக்குப் போட வேண்டிய வெள்ளைக் கோட்டை அப்போதுதான் தேய்த்து மாட்டிவிட்டு வந்திருந்தாள்.

"என்னங்க, மேசை எப்ப காலியாகும்?"

"முடியப்போகுதும்மா."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க. டேய், நீ சொல்லு. என்ன ஆச்சு?"

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா போர்வையைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் சொல்லிவிட்டேன். மூன்று சட்டையிலிருந்து குண்டு வரைக்கும் எதையும் விடவில்லை. சிறுவயதிலிருந்தே அவள் அப்படிப் பார்த்தால் எனக்கு வயிற்றில் எதுவும் தங்காது.

அக்கா பாத்திரத்தை நாற்காலிமேல் வைத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தோம். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாமாவின் போனை எடுத்து நிதானமாகத் தட்ட ஆரம்பித்தாள்.

'நான் இவர் மனைவி. நேத்து இவர் போட்ட படம் வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுத்தது. கார்புரேட்டர் இப்போ சாப்பாட்டு மேசைமேல கிடக்கு. நாளைக்கு விடியறதுக்குள்ள நான் வேலையில சேரணும், இல்லன்னா வேலை போயிடும். இங்க யாராவது நிஜமாவே இதை முடிச்சிருக்கீங்களா?'

"ஐயோ, அனுப்பிடாத" என்று மாமா எழுவதற்குள் அனுப்பிவிட்டாள்.

"என் மானமே போச்சு."

"மானம் எப்படியோ நடந்து போய்ச் சேந்துடும். நான் எப்படிப் போறது, அதச் சொல்லுங்க."

குழுவில் அதைப் படித்தவர்கள் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் மஞ்சள் கார்க்காரர் வாயைத் திறந்தார். 'என்னோடது வாஷிங் மிஷின்மேல இருக்குதும்மா. துணி துவைச்சே நாளாச்சு.' அணை உடைந்தது. ஒருவருடையது கட்டிலுக்கு அடியில். ஒருவருடையது செருப்புப் பெட்டியில், போன வருடத்திலிருந்து. ஒருவர் வீட்டில் குண்டைக் குழந்தை எடுத்துக்கொண்டுபோய் எங்கேயோ வைத்துவிட்டது. அது இன்னும் பேசக் கற்றுக்கொள்ளாததால் அவர்கள் காத்திருக்கிறார்கள். இன்னொருவர் பெருமையாக எழுதினார்: 'என் வண்டி நல்லா ஓடுது. நான் இன்னும் கழட்டவே இல்ல.'

'அப்ப எதுக்கு சார் முடிஞ்ச படம் போட்டீங்க?' என்று யாரோ கேட்டார்கள்.

'எல்லாரும் போட்டீங்களே.'

"பாத்தியா, எல்லாரும்தான்" என்றார் மாமா. இரண்டு நாளில் முதல்முறையாக அவர் முகம் மலர்ந்திருந்தது. அக்கா திரும்பிப் பார்த்ததும் வாடிவிட்டது.

அப்போது போன் அடித்தது. குழுத் தலைவர். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம்மா. குழுவுல பேச முடியாத விஷயம், அதான் கூப்பிட்டேன்."

"நீங்க முடிச்சிருக்கீங்களா?"

"முடிச்சேன்னு சொல்லலாம்."

"சொல்லலாம்னு கேக்கல சார். முடிச்சீங்களா?"

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் குண்டு எங்க போகும்னு எனக்கும் தெரியாதும்மா. அதனாலதான் விரலை வெச்சேன்."

மாமா போன் பக்கம் குனிந்தார். "தவறுதலா பட்ட விரல்னு நெனச்சேன் சார்."

"இல்ல சார். நல்லா யோசிச்சு வெச்ச விரல்."

"அப்ப உங்க வண்டி?" என்றாள் அக்கா.

"ஓடுதும்மா. குண்டு இல்லாமயே மாட்டிட்டேன். ஓடுது. ஆனா ஆக்ஸிலேட்டரை சட்டுனு அழுத்தினா அணைஞ்சு போயிடும். மெதுவா, ரொம்ப மெதுவா அழுத்தணும். கெஞ்சணும். மேடு வந்தா சிரமம்தான். என் சம்சாரம் அந்த வண்டில ஏறியே ரெண்டு வருஷமாச்சு."

"இதையே எழுதியிருக்கலாமே சார்."

"எழுதினா என்னை யாரும்மா தலைவர்னு சொல்வாங்க?"

அக்கா போனை வைத்தாள். சாப்பிடவில்லை. நாங்களும் சாப்பிடவில்லை. பசி இல்லாமலில்லை, கேட்கத் தைரியம் இல்லை. "குண்டைத் தள்ளி வைங்க. மாட்டுங்க" என்றாள். குண்டு என்று ஒன்று இல்லாவிட்டால் கையேடு எவ்வளவு நல்ல கையேடு என்பது அப்போதுதான் தெரிந்தது. வெயில் சாய்வதற்குள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. சாவியைத் திருப்பியதும் வண்டி செருமிக்கொண்டு எழுந்தது.

மாமா முதலில் ஓட்டினார். வீட்டு வாசலிலேயே அணைந்தது. நான் ஓட்டினேன். எதிர்வீட்டு வாசலில் அணைந்தது. எதிர்வீட்டு அண்ணன் பால்கனியில் நின்று, "வாசலுக்கு வாசல் நின்னு போகுதே, ஓட்டு கேக்கறீங்களா?" என்றார். அப்புறம் அக்கா உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலால் அழுத்தினாள். தெருமுனைவரை போய்த் திரும்பி வந்தாள்.

"எப்படிம்மா?" என்றார் மாமா.

"கைக்குழந்தைக்கு ரத்தம் எடுக்கற மாதிரிதான். அதுக்குத் தெரியாம பண்ணணும்."

திங்கட்கிழமை இருட்டோடு கிளம்பினோம். அக்கா முன்னால், தள்ளுவதற்காக நாங்கள் இருவரும் பின்னால். சைக்கிளில் பேப்பர் போடுகிறவர் எங்களைத் தாண்டிப் போனார், திரும்பிப் பார்த்தார், மறுபடி பார்த்தார். ஊர் எல்லைவரை வண்டி ஒழுங்காக வந்தது. ஆஸ்பத்திரிக்குச் சற்று முன்னால் ஒரு பாலம். மேட்டில் பாதி ஏறியதும் மூச்சை விட்டது. இறங்கினோம், தள்ளினோம். பின்னால் பால் வேன் ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது.

"என்ன சார், வண்டியை வாக்கிங் கூட்டிட்டு வந்தீங்களா?" என்று தலையை நீட்டினார் வேன்காரர்.

"புகார் இருந்தா எழுத்துமூலமா குடுங்க" என்றார் மாமா, தள்ளிக்கொண்டே.

பாலத்தின் உச்சியில் மாமாவின் செருப்பு அறுந்தது. இறக்கத்தில் வண்டி தானாகவே உருண்டு, உருண்டதில் உயிர் வந்து, நாங்கள் ஏறுவதற்குள் போயேவிட்டது. பின்னால் ஓடினோம். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி கதவு திறந்தபடி குறுக்கே நின்றுகொண்டிருந்தது. அக்கா வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டே படியேறி ஓடிக்கொண்டிருந்தாள். கிழக்கே இன்னும் வெளுக்கவில்லை.

"சார், இது ஆம்புலன்ஸ் வர்ற வழி" என்றார் வாட்ச்மேன். மறுபடி தள்ளினோம்.

மாமா ஓரமாக நிறுத்திய வண்டியில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். அணைந்தது. கெஞ்சினார். அணைந்தது. எனக்குத் தெரிந்த எல்லா விதத்திலும் நானும் கெஞ்சினேன். அந்த வண்டிக்கு அக்காவின் கால்தான் பிடித்திருக்கிறது. விட்டுவிட்டுப் போகவும் முடியாது, திரும்பும்போதும் அந்தப் பாலம் இருக்கிறது. மாமா அலுவலகத்துக்கு லீவு சொன்னார். நான் கல்லூரிக்கு எதுவும் சொல்லவில்லை. அங்கே யாரும் தேடப்போவதில்லை. ஆஸ்பத்திரி கேன்டீனில் டீ தண்ணீராக இருந்தது என்று மாமா அங்கேயே ஒரு புகார் எழுதிப்போட்டார்.

வேலை முடிந்து அக்கா வந்தபோது நாங்கள் ஆளுக்கொரு பக்கம் கதவைத் திறந்து வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தோம். பானட்டைத் தட்டி எழுப்பினாள்.

"சேந்துட்டியா?" மாமா பதறி எழுந்தார். "ஒண்ணும் சொல்லலையே?"

"கையெழுத்துப் போட்டாச்சு. பெரிய டாக்டர் வர்றதுக்கு முன்னாடியே கூடத்தைத் திறந்துட்டேன்." அவள் முகத்தில் களைப்பும் வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. அதை நாங்கள் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல் செருப்பைக் கழற்றக் குனிந்தாள். "மூணு மாசம் பாப்பாங்க. அப்புறம் நிரந்தரம்."

"அப்பாடா" என்றார் மாமா. "நல்லபடியா முடிஞ்சுது."

"என்ன முடிஞ்சுது? மூணு மாசமும் ரெண்டு பேரும் என்கூட எந்திரிக்கணும்."

"எனக்கு காலேஜ் இருக்குக்கா."

"உனக்கு காலேஜ் ஒம்பது மணிக்கு. அவருக்கு ஆபீஸ் பத்து மணிக்கு. பாலம் விடியறதுக்கு முன்னாடி."

சாவியைத் திருப்பினாள். வெறுங்கால் இறங்கியதே தெரியவில்லை, வண்டி நகர்ந்துவிட்டது. மாமா பின்கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினார்.

"எதுக்குங்க ஏறி எறங்கிக்கிட்டு?" என்றாள் அக்கா, கண்ணாடியில் பார்த்து. "பாலம் இதோ இருக்கு. நடந்தே வந்துடுங்க."