யாரும் பார்க்காத கால்

லூசியானேயின் கால் அழுகுவதை முதலில் கண்டுபிடித்தவை ஈக்கள்தான். மனிதர்களுக்கு மரியாதை அதிகம். அதனால் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை.

அந்த வளவில் இரண்டு வீடுகள். பெரிய வீட்டில் தம்பி கெபுவேலி, அவன் மனைவி வீக்கா, பிள்ளைகள். கறிப்பலா மரத்துக்கு இந்தப் பக்கம் இருந்த சின்ன வீட்டில் லூசியானே மட்டும். கட்டிக்கொண்டவன் ஆக்லாந்துக்குப் பழம் பறிக்கப் போனான், அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். அவள் பிறந்த வளவுக்கே திரும்பி வந்தாள்.

தோங்காத் தீவுகளில் அக்காவுக்கு மேலே தம்பி கிடையாது. அவன் வீட்டில் கல்யாணமோ சாவோ, பிள்ளைகளின் அத்தையான அவள் வந்து முன்பாயில் உட்கார்ந்தால்தான் காரியம் தொடங்கும். நெய்ததில் நல்ல பாய் அவளுக்கு. பன்றியில் கொழுத்த முதுகு அவளுக்கு. விவரம் தெரிந்த நாளிலிருந்து கெபுவேலி அவள் இருக்கும் அறைக்குள் வந்ததில்லை. அவள் எதிரே வாய்விட்டுச் சிரித்ததில்லை. உடம்பு என்ற சொல்லையே அவள் காதுபடச் சொன்னதில்லை. அங்கே அதற்குப் பெயர்தான் பாசம். அவன் அனுப்பும் தட்டு வரும், அவன் வரமாட்டான்.

தட்டு என்றால் சாதாரணத் தட்டா? சேம்பிலையில் சுற்றித் தேங்காய்ப்பாலில் வெந்த ஆட்டுக் கொழுப்பு, தகர டப்பாவில் வரும் மாட்டிறைச்சி, தொடை பருமனுக்கு வள்ளிக்கிழங்கு, கரண்டி நிற்கிற அளவுக்குச் சர்க்கரை போட்ட தேநீர். சர்க்கரை வியாதி என்று என்றோ சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். உடம்பு நன்றாக இருக்கும்போது எதற்கு என்று அவள் நிறுத்திவிட்டாள். தட்டைத் திருப்பி அனுப்பினால் தம்பிக்கு அவமானம். தனியாகச் சாப்பிடுகிறவளுக்கு வேறு என்ன வேலை? தின்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குழி அடுப்பிலிருந்து கிளறிப் போட்டிருந்த கல்லின் மேல் வெறுங்காலோடு நின்றுவிட்டாள். கருகல் வாடை வந்தது. பன்றித் தோல் தீய்கிறது என்று நினைத்து, "வீக்கா, கவனி" என்று அதட்டினாள். தீய்ந்தது அவள் பாதம்.

வலிக்கவில்லை. வலிக்காத புண்ணை யார் மதிப்பார்கள்? துணியைச் சுற்றி அதன்மேல் நீளப் பாவாடையை இழுத்துவிட்டாள். பெருவிரல் கறுத்தது. வீக்கா தட்டை வாசலில் வைக்கும்போது வாயால் மூச்சு விட்டாள்.

"அண்ணி, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"நல்லாத்தான் இருக்கேன்."

மறுமுறை வாசனை எண்ணெய்க் குப்பி ஒன்றையும் சேர்த்து வைத்தாள். "மழைக்காலம்ல அண்ணி, வீடெல்லாம் ஒரு மாதிரி வாடை அடிக்கும். கொஞ்சம் தெளிச்சுக்குங்க."

புருஷனின் அக்காவிடம் உங்கள் கால் நாறுகிறது என்று எந்தப் பெண் சொல்வாள்? புருஷனிடம் போய் அவன் அக்காவின் காலைப் பற்றித்தான் பேச முடியுமா? குப்பி காலியானது.

பேச வாய் இருந்தவள் நர்ஸ் ஃபூசி ஒருத்திதான். சர்க்கரை பார்க்க ஊர் சுற்றி வருகிறவள், வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அத்தை, உள்ள என்ன செத்துக் கிடக்கு?"

"வாயைக் கழுவுடி."

"நான் கழுவிக்கிறேன். நீங்க காலைக் காட்டுங்க."

துணியைப் பிரித்ததும் ஃபூசிக்குச் சிரிப்பு போய்விட்டது. பாதத்தின் மேல்பக்கம் இரண்டு விரலை வைத்து நாடியைத் தேடினாள். இடம் மாற்றி மாற்றித் தேடினாள். பிறகு பையிலிருந்து சின்னக் கருவி ஒன்றை எடுத்து முழங்காலுக்குப் பின்னால் வைத்தாள். அதற்குள்ளிருந்து உஸ் உஸ்ஸென்று அலை மாதிரிச் சத்தம் வந்தது. கணுக்காலுக்கு இறக்கினாள். ஒன்றுமில்லை. வெறும் இரைச்சல்.

"சர்க்கரை கூடக்கூட ரத்தக் குழாயோட உள்சுவர் தடிச்சு இறுகிப் போகும், அத்தை. பெரிய குழாய்ல கொஞ்சம் ஓடும். விரலுக்குப் போற பொடிக் குழாய்ல ஒண்ணுமே போகாது. வலியைச் சொல்ற நரம்பும் பட்டினியில செத்துப் போச்சு. அதான் உங்களுக்குத் தெரியல."

"பட்டினியா? என் தட்டைப் பார்த்திருக்கியா நீ?"

"தட்டு நிறைஞ்சுதான் வந்திருக்கும். கால் வரைக்கும் எதுவும் போய்ச் சேரல."

அந்தப் பிள்ளையின் கை இன்னும் கணுக்காலைப் பிடித்திருந்தது. கையை லூசியானே பார்த்தாளே தவிர, அதன் சூடு அவளுக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும். முழங்கால் மிஞ்சினால் பொய்க்கால் கட்டி நடக்கலாம், தன் வேலையைத் தானே பார்க்கலாம். தள்ளிப்போட்டால் முழங்காலும் போய்விடும். கெண்டைக்காலில் சிவப்பு ஏறியிருந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார். "இதைத் தாண்டறதுக்குள்ள முடிவு சொல்லுங்க."

கெபுவேலி, பெரியவர்கள் முன்னால் மரியாதைக்குக் கட்டும் இடுப்புப் பாயில் நல்லதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். பெண்கள் வார்டுக்குள் வரவில்லை. வெளியே மாமரத்தடியில் வண்டியை நிறுத்தி அதிலேயே உட்கார்ந்திருந்தான். ஃபூசி போய்க் கேட்டாள்.

"அக்கா என்ன சொல்றாங்களோ அதுதாம்மா. அவங்க உடம்பு மேல நான் வாயைத் திறக்கலாமா?"

உள்ளே வந்து சொன்னாள்.

"குடும்பத்துக்குப் பேசறவன் அவன். அவன் சொல்லட்டும்" என்றாள் லூசியானே. "நான் முந்திக்கிட்டா ஊர்ல அவன் தலை தாழ்ந்து போகும்."

ஃபூசி மறுபடி வெளியே போனாள், மறுபடி உள்ளே வந்தாள். அன்றைக்கும் அப்படியே போயிற்று, அடுத்த நாளும் அப்படியே. தேவாலயத்துப் பெண்கள் வந்தார்கள், பாட்டுப் பாடினார்கள், கேக் வைத்துவிட்டுப் போனார்கள். எல்லோரும் தலைமாட்டிலேயே நின்றார்கள். டாக்டர் மேலே இரண்டாவது கோடு போட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கும்பிடு போட்டுக்கிட்டே இருங்க" என்று ஃபூசி வெடித்தாள். "அந்தக் கறுப்பு மட்டும் யாருக்கும் மரியாதை குடுக்காம மேல ஏறிக்கிட்டிருக்கு."

லூசியானே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தத் தள்ளு நாற்காலியைக் கொண்டா."

மாமரத்தடிக்கு நாற்காலி வருவதைக் கண்டதும் கெபுவேலி இறங்கி, குனிந்த தலையோடு வண்டிக்கு அந்தப் பக்கம் போகப் பார்த்தான்.

"கெபுவேலி, நில்லு."

நின்றான்.

"திரும்பு."

"வேணாங்க்கா. இது முறையில்ல."

"பாய் கேட்டேனா? பன்னி கேட்டேனா? எல்லாம் நீயா குடுத்தே. நான் வாய் திறந்து கேட்கிறது இதுதான் முதல் தடவை. பாரு."

துணியை அவளே பிரித்துப் போட்டாள். போகிற வருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கெபுவேலி திரும்பினான். பார்த்தான். தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"வலிக்குதாக்கா?"

பிறந்ததிலிருந்து அவள் உடம்பைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி.

"இல்லடா. வலிச்சிருந்தா கத்தியிருப்பேன். கத்தியிருந்தா யாராவது வந்திருப்பீங்க."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எடுக்கச் சொல்லிடறேன்க்கா."

"உன்னை அதைக் கேட்கல. பார்க்கத்தான் சொன்னேன். சொல்லப் போறது நான்."

வார்டுக்குத் திரும்பியதும் டாக்டர் காலைத் தூக்கிப் பார்த்தார். இரண்டாவது கோட்டையும் அது தாண்டியிருந்தது. முழங்காலைக் காப்பாற்ற முடியாது என்றார். லூசியானே முழங்கால் சில்லின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அங்கே இன்னும் உணர்ச்சி இருந்தது. கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"சரி. எடுங்க."

கெபுவேலி வார்டு வாசற்படி வரை வந்து நின்றான். வெட்டி எடுக்கும் காலை அந்த ஊரில் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் போவதில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புதைப்பார்கள். அதைத்தான் கேட்டான்.

"எங்க வைக்கட்டும்க்கா?"

"அம்மா பக்கத்துல. அதுக்காவது துணை கிடைக்கட்டும்." பிறகு கட்டிலோரத்தைத் தட்டிக் காட்டினாள். "ஆப்ரேஷனுக்குக் கூப்பிட இன்னும் நேரமாகும். உள்ள வந்து உக்காரேன்."

அவன் படியைப் பார்த்தான். கட்டிலைப் பார்த்தான். ஒரு காலைத் தூக்கி, மறுபடி வெளியிலேயே வைத்தான்.

"நான் போய்க் குழி வெட்டிடறேன்க்கா. மழை வந்தா மண்ணு சேறாயிடும்."

குழி வெட்டுவது அவனுக்குத் தெரியும். பக்கத்தில் உட்காரத்தான் யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. வெளியே வண்டி கிளம்பியது. லூசியானே தட்டிக் காட்டிய இடத்திலிருந்து கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.