பாறைக்குப் பின்னால் ஒரு தொப்பி

எங்கள் ஆபீசில் எனக்கு ரப்பர் என்று பெயர். அழிப்பதுதான் என் வேலை. வீட்டை விட்டு நகராமல் காடு, மலை, ஏரி எல்லாம் சுற்றிப் பார்க்க ஓர் ஆப் செய்கிறோம். நீச்சல் கண்ணாடிக்குப் பெரியப்பா மாதிரி ஒரு கருவியை முகத்தில் மாட்டிக்கொண்டால் போதும், தலையைத் திருப்பிய பக்கமெல்லாம் காடு தெரியும். இதற்குப் படம் எடுக்கிற கேமராவுக்கு முதுகிலும் கண் உண்டு. எடுக்கிறவரையும் சேர்த்தே எடுத்துவிடும். அவர் எங்கே ஓடி ஒளிந்தாலும் ஒரு தொப்பியோ முழங்கையோ மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தை அழித்து, மேலே இலையையோ பாறையையோ பூசி மூடுவது நான்.

கேமரா நின்ற முக்காலியை அழித்துப் புல் நிரப்புவேன். தூரத்தில் நடந்துபோகிறவர்கள், பிளாஸ்டிக் பை, சிகரெட் துண்டு, எல்லாவற்றையும் துடைத்துவிடுவேன். பார்க்கிறவருக்கு அந்த இடத்தில் தான் மட்டுமே இருப்பதாகத் தோன்ற வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. நான் ஒரு படி மேலே போய், தண்ணீரில் விழுந்த நிழலைக்கூட விட்டுவைக்க மாட்டேன். என் காட்டில் மனித வாடையே இருக்காது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, மறைப்பானேன்.

கேமராக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் பல்லி. பாறையிலும் மரத்திலும் அப்படி ஒட்டிக்கொள்வார். ஆபீசுக்கு அத்திபூத்தாற்போல்தான் வருவார். ஆனால் அவருடைய தொப்பியின் நைந்த ஓரமும், சட்டைக் கையை மடித்துவிடும் விதமும் எனக்கு மனப்பாடம். தினமும் அவரை ஒழித்துக்கட்டித்தானே நான் சம்பளம் வாங்குகிறேன்.

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டது மழைக்காலத்தில். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. எலும்பும் கூடிவிட்டது. ஆனால் கட்டிலை விட்டு எழவே மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

“அந்த ஒத்தக்கால்லயாவது நிக்கச் சொல்லுங்கக்கா” என்றாள் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் பெண். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “எலும்புல ஒரு குறையும் இல்ல. பயம்தான். இந்த மாசத்துக்குள்ள நடக்க ஆரம்பிக்கலைன்னா சதையெல்லாம் இறுகிடும். அப்புறம் நாம தலைகீழா நின்னாலும் அவரை நடக்கவைக்க முடியாது” என்றாள்.

அப்பா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். வேலை பார்த்த காலமெல்லாம் ஆடுகிற தரையில் நடந்த மனிதர், ஆடாத தரையைக் கண்டு பயந்ததைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா இருந்திருந்தால் ஒரே அதட்டலில் எழுப்பியிருப்பாள். நான் கத்தினேன், கெஞ்சினேன், சாப்பாட்டை எட்டாத தூரத்தில் வைத்துக்கூடப் பார்த்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். போகப்போக நாங்கள் முகம் பார்த்துப் பேசுவதே நின்றுபோனது. காலையில் தட்டை வைப்பேன், ஆபீஸ் போவேன். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளும் ஆயா கிளம்பும் நேரத்தில் வருவேன், தட்டை எடுப்பேன். அவர் சுவரோடு இருந்தார், நான் போனோடு இருந்தேன்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஆபீஸ் கருவி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். என் கைவண்ணத்தில் இருப்பதிலேயே அழகான காட்டை அதில் ஏற்றியிருந்தேன். நடுவில் ஒரு நீரோடை, இருபுறமும் ஓங்கிய மரங்கள். இதைப் பார்த்தால் யாருக்கும் எழுந்து நடக்கத் தோன்றும் என்று நினைத்தேன்.

அப்பாவைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்து மாட்டிவிட்டேன். அவர் பார்ப்பது என் போனிலும் தெரியும். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், குனிந்து பார்த்தார்.

“என் கால் எங்க?” என்றார்.

“அதெல்லாம் தெரியாதுப்பா. வெறும் புல்லுதான் தெரியும்.”

“இருந்த காலையும் எடுத்துட்டியா?” மறுபடி சுற்றிலும் பார்த்தார். “ஆள் யாரும் வரமாட்டாங்களா?”

“வரமாட்டாங்க. நீங்க மட்டும்தான். எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க.”

கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார். “காலும் இல்ல, கூட ஆளும் இல்ல. செத்தப்புறம் போற இடம் மாதிரி இருக்கு. அதுக்கு இப்பவே என்ன அவசரம்?” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கருவியைச் சுவரில் அடித்திருப்பேன். ஆபீஸ் சொத்து என்பதால் தப்பித்தது. இலை இலையாகப் பார்த்துச் செய்த காடு! அதைச் சுடுகாடு என்று சொல்லாமல் சொல்லிவிட்டாரே. மறுநாள் ஆபீசில் வேறொரு படத்தை ஏற்றினேன். மலைச்சரிவு, மஞ்சள் புல், ஒரு பெரிய பாறை. கோபத்தில் கை எதைத் தொட்டதென்று கவனிக்கவில்லை. நான் சுத்தம் செய்த படத்துக்குப் பதில் அழிக்காத படத்தை ஏற்றிவிட்டேன். எங்கள் ஆபீசில் வேறு யார் வேண்டுமானாலும் செய்யலாம், ரப்பர் செய்யக் கூடாத தப்பு அது.

அன்று மாலை அப்பா வேண்டாவெறுப்பாக மாட்டிக்கொண்டார். தலையை ஒரு சுற்று சுற்றினார். திடீரென்று நிறுத்தினார்.

“யாரு அது?”

போனைப் பார்த்தேன். பாறையின் விளிம்புக்கு மேலே பல்லியின் தொப்பி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அது... ஒண்ணுமில்லப்பா. வேற படம் போடறேன், குடுங்க.”

“இரு, இரு. ஒருத்தன் ஒளிஞ்சிட்டிருக்கான்.” அப்பாவின் குரலே மாறியிருந்தது. எத்தனையோ ரயில்களில், கழிப்பறைக் கதவைத் தட்டிய குரல் அது. “ஒளியறவன் எவனும் டிக்கெட் எடுத்தவன் இல்ல. யோவ், வெளிய வாய்யா!”

கழுத்தை நீட்டினார். தொப்பிக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. உடம்பை உயர்த்தினார். பிறகு, நான் என்ன ஏதென்று புரிந்துகொள்வதற்குள், கட்டில் ஓரத்துக்கு நகர்ந்து, காலைத் தரையில் ஊன்றி, பக்கத்தில் ஒட்டடை படிந்து நின்ற வாக்கரைக் கையால் துழாவிப் பிடித்து, எழுந்து நின்றுவிட்டார்.

நான் பாய்ந்துபோய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டேன். தொடவில்லை. தொட்டால் அவருக்குத் தான் நிற்பது ஞாபகம் வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

“என்னம்மா இது, நான் எழுந்தா பாறையும் கூடவே எழுந்துக்குது?”

அப்படித்தான் எழும். படம் எடுத்தபோது கேமரா நின்ற இடம் எதுவோ அதுதான் பார்க்கிறவர் நிற்கும் இடம். நீங்கள் எழுந்தாலும் குதித்தாலும் பாறைக்கு அப்பால் எட்டிப் பார்க்க முடியாது. இதைச் சொன்னால் உட்கார்ந்துவிடுவார். அப்புறம் எழவே மாட்டார்.

“கொஞ்சம் கிட்டப் போனாத்தான் தெரியும்பா” என்றேன்.

வாயில் வந்த பொய் அது. அப்பா என் குரல் வந்த பக்கம் லேசாகத் தலையைச் சாய்த்தார். பிறகு வாக்கரைச் சற்றுத் தள்ளி ஒரு அடி வைத்தார். இன்னொன்று வைத்தார். அப்புறம் கால் நடுங்கவே அப்படியே பின்வாங்கி உட்கார்ந்தார். “நாளைக்குப் பார்த்துக்கறேன் அவனை” என்றார்.

பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் சொன்னபோது சாமியாடிவிட்டாள். “கண்ணை மூடிக்கிட்டு நடக்க விட்டீங்களா? விழுந்தா யார் பதில் சொல்றது?” அவர் தானாக எழுந்தார் என்றதும் கொஞ்சம் இறங்கி வந்தாள். “சரி. முன்னாடி வாக்கர், பின்னாடி நீங்க. கையெட்டுற தூரத்துலதான் நிக்கணும், போன் கையில இருக்கவே கூடாது. முக்கியமா அவரைத் திரும்ப விடாதீங்க. நேரா நடக்கறதைவிடத் திரும்பறதுதான் கஷ்டம், அதுலதான் விழுவாங்க.”

பொய்யைச் சொல்லியாகிவிட்டது, இனி அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டும். மறுநாள் ஆபீசில் உட்கார்ந்து என் வேலையைத் தலைகீழாகச் செய்தேன். அன்றைய படத்தில் தொப்பியோடு கொஞ்சம் நெற்றி. அடுத்த நாள் தோள். அதற்கடுத்து மடித்துவிட்ட சட்டைக் கை. வேறு வேறு நேரத்தில் எடுத்த படத் துண்டுகளிலிருந்து பல்லியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து எடுத்துப் பாறை ஓரத்தில் ஒட்டினேன். அழிப்பதைவிட இது கடினம். அழிக்கும்போது வெறும் புல்லைப் பார்த்தால் போதும். இப்போது மனிதரைப் பார்க்க வேண்டியிருந்தது. ஓரிடத்தில் அவர் குளிரில் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தை நான் முன்பே அழித்திருக்கிறேன். கையைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது, குளிரைப் பார்த்த ஞாபகம் இல்லை.

வீட்டில் மாலையானால் அதே பாட்டு. நான் வந்ததும் அப்பா கருவிக்குக் கை நீட்டுவார். நான் போனை அலமாரியில் வைத்துவிட்டு அவருக்குப் பின்னால் போய் நிற்பேன். “இன்னைக்குத் தோள் தெரியுது.” “இன்னும் ரெண்டு அடி போங்கப்பா, முகம் தெரியும்.” கட்டிலிலிருந்து மேசை வரை வந்தோம். மேசையிலிருந்து கதவு, கதவிலிருந்து கூடம். கட்டிலுக்குத் திரும்புவது மட்டும் சக்கர நாற்காலியில். நடக்க நடக்க அவர் அந்த ஆளைத் திட்டிக்கொண்டே போவார். ரயிலில் பிடித்தவர்களின் கதையெல்லாம் வரும். கல்யாணப் பட்டுப்புடவையோடு பெர்த்துக்கு அடியில் படுத்திருந்த ஒரு பெண்ணின் கதையை அப்போதுதான் முதல்முறை கேட்டேன். சிரித்துவிட்டேன். ஒருநாள் நின்றுகொண்டே, “ஆபீஸ்ல என்ன, குரல் தொங்கிப்போயிருக்கு?” என்று கேட்டார். முதலாளி திட்டியதைச் சொன்னேன். முன்னால் பாறையைப் பார்த்தபடியே அவரும் என் முதலாளியைத் திட்டினார்.

ஆனால் ஏமாற்றுகிறோமே என்று எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அதோடு, சரக்கும் தீர்ந்துவிட்டது. பல்லியின் முழு முகம் எந்தத் துண்டிலும் இல்லை. வழக்கத்துக்கு மாறாக அவர் ஆபீஸ் வந்திருந்த ஒருநாள் மடக்கிப் பிடித்தேன்.

“உங்க மூஞ்சி தெரியற மாதிரி ஒரு ஷாட் வேணும்.”

“ஊர் முழுக்க என்னை அழிச்சுட்டு இப்ப மூஞ்சி கேக்கறீங்களா ரப்பரம்மா?” என்று சிரித்தார். “எல்லா ஷாட்டோட கடைசியிலயும் நான் இருக்கேனே. கேமராவை நிறுத்த யாரு வருவா, உங்க மாமனாரா? அந்த வாலை வெட்டிப் போடறதே நீங்கதான்.”

உண்மைதான். வாலை நான் பார்ப்பதுகூட இல்லை, கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவேன்.

அன்று மாலை வெட்டாத படத்தை ஏற்றி வந்தேன். இதோடு முடித்துக்கொள்வது, இன்றைக்கு நடந்து முடித்ததும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானம். அப்பா வாக்கரைப் பிடித்துக் கூடத்தின் நடுவில் நின்றார். நான் பின்னால் கைகளை நீட்டியபடி நின்றேன். அலமாரியிலிருந்த போனில் படம் ஓடியது. பாறைக்குப் பின்னாலிருந்து பல்லி எழுந்தார். புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டார். நேராக எங்களை நோக்கி நடந்து வந்தார். முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. வெயிலில் கறுத்து, தூக்கம் இல்லாத கண்களோடு, சாதாரண முகம். வெகு அருகில் வந்து அப்பாவின் கண்ணுக்குள் பார்த்தார். கேமராவின் பொத்தான் மேல்பக்கத்தில் இருக்கிறது. கையைத் தூக்கி அப்பாவின் உச்சந்தலைக்கு மேலே வைத்து அழுத்தினார். படம் இருண்டது.

 அப்பா ஒரு கையால் கருவியைக் கழற்றினார்.

“தலையில கைவெச்சுட்டுப் போறான்மா” என்றார்.

“டிக்கெட் கேட்டீங்களா?”

 அப்பா வாக்கரை இம்மியளவு திருப்பினார். காலை நகர்த்தினார். அவர் திரும்ப முயல்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

“ஐயோ, திரும்பாதீங்க! நானே முன்னாடி வர்றேன்.”

“நில்லு அங்கயே.”

வாக்கரைக் கொஞ்சம், காலைக் கொஞ்சம் என்று நகர்த்தி நகர்த்தி, பாதியில் ஒருமுறை தள்ளாடி, சமாளித்து, முழுதாக என் பக்கம் திரும்பிவிட்டார். நேருக்கு நேர் நின்றோம். என் கைகள் இன்னும் நீட்டியபடியே இருந்தன.

“அப்பா, ஒண்ணு சொல்லணும். நீங்க எவ்வளவு நடந்தாலும் அந்தப் பாறை...”

“கூடவேதான் வரும். மொத நாளே தெரியும்.”

“தெரியுமா?”

“கிட்டப் போனாத் தெரியும்னு சொன்ன பாரு, டிக்கெட் இல்லாதவன் பேசற மாதிரியே பேசின. நான் கேக்காத பொய்யா?”

“அப்புறம் எதுக்குத் தினமும் எழுந்தீங்க?”

“நான் எழுந்தாத்தானே நீ அந்தப் போனைக் கீழ வெச்சுட்டு எனக்குப் பின்னாடி வந்து நிக்கிற? உன் மூச்சு கழுத்துல படும். அவன் டிக்கெட் வாங்கினா எனக்கென்ன, வாங்காட்டி எனக்கென்ன.” மூச்சு வாங்கியது அவருக்கு. என் முகத்தை, நெற்றியிலிருந்து தாடை வரை, நிதானமாகப் பார்த்தார். “இப்படித் திரும்பறதுக்குத்தான்மா இத்தனை நாளாச்சு. நீ எப்ப இவ்வளவு இளைச்ச?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் விழுந்துவிடப் போகிறாரே என்று கைகளை இறக்காமலே அழுதேன்.