அப்பாவின் சட்டைப்பையில் இருந்த வாக்குத்தத்தம்

ரிஸ்கா, அப்பா கதவைத் திறக்கவே இல்லை. இரண்டு கையாலும் தட்டினேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், மழையில் ஊறிய மேட்டில் காலையில் விரல் அகலம் இருந்த வெடிப்பு, சாயந்தரம் என் கால் இறங்கும் அளவுக்கு வந்துவிட்டது. மற்ற வீடுகளெல்லாம் பூட்டியாயிற்று. மண் சரியும் என்று எல்லாரும் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். அம்மா அங்கே தம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் யாரிடமும் சொல்லாமல் திரும்பி ஓடி வந்தேன்.

"அப்பா, கதவத் தெறங்கப்பா!"

"நீ எதுக்கு வந்த? போ புள்ள, அம்மாகிட்ட போ. எனக்கு ஒண்ணும் ஆகாது. எனக்கு வாக்குத்தத்தம் இருக்கு."

அந்த வாக்குத்தத்தத்தை எழுதியதே நான்தான்.

நீ எங்கள் ஆராதனைக்கு வந்ததில்லையே, உனக்கு இது தெரிந்திருக்காது. எங்கள் சபையில் வருஷக் கடைசி ராத்திரி ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டில் அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதில் இருக்கும் வசனம், அந்த வருஷத்துக்குக் கடவுள் நமக்குத் தரும் வாக்கு. போன முறை பாஸ்டர் எழுதும் வேலையை என்னிடம் தந்தார். நாற்பது அட்டை. கிறிஸ்மஸ் கரோல் பாடப் போகப் பிள்ளைகள் வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வேதத்தைப் புரட்டி, கண்ணில் பட்ட நல்ல வரிகளாக எழுதித் தள்ளினேன். முன்னால் என்ன, பின்னால் என்ன என்று பார்க்கவில்லை. அப்பாவுக்கு வந்தது, கால் கல்லில் இடறாமல் தேவதூதர்கள் உன்னைக் கையில் தாங்குவார்கள் என்ற அட்டை. லேமினேட் செய்து சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

இன்று பள்ளிக்கூடத்தில், அப்பாவின் மனதை மாற்ற அதே பக்கத்தில் வேறு வரி இருக்குமா என்று தேடினேன். மத்தேயு நான்காம் அதிகாரம். முதல் வரியிலிருந்து வாசித்ததும்தான் அந்த வார்த்தையைச் சொல்வது யார் என்று தெரிந்தது. வேதத்தைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தது அதனால்தான்.

ஜன்னல் வழியாக உள்ளே நீட்டினேன்.

"அந்த வசனத்த மட்டும் பாக்காதீங்கப்பா. அதிகாரத்த மொதல்லருந்து வாசிங்க. வாசிச்சா நான் போயிர்றேன்."

டோர்ச் வெளிச்சத்தில் அப்பா விரல் வைத்து எழுத்துக் கூட்டினார். வனாந்தரம். நாற்பது நாள் பசி. ஆலயத்தின் உச்சி. அங்கே விரல் நின்றது.

"இது... சாத்தான்ல சொல்றான்?"

"ஆமாப்பா. குதி, தூதருங்க தாங்கிக்குவாங்கன்னு இயேசுகிட்ட சொல்றான்."

"சங்கீதத்துலயும் இதே வார்த்த இருக்கே புள்ள. அது ஆண்டவரோடதுதான?"

"அதத்தான் அவன் எடுத்துப் பேசுறான். சங்கீதத்துல ஆண்டவர்கிட்ட அடைக்கலம் தேடுனவனுக்கு ஆறுதல் சொல்றாங்க. இங்க வேணும்னே ஆபத்துல போயி நிக்கச் சொல்றான். அடுத்த வசனத்தப் பாருங்க, இயேசு என்னா சொல்றாருன்னு."

கடவுளைச் சோதித்துப் பார்க்கக் கூடாது என்று இருந்தது. அப்பா அதை இரண்டு தரம் வாசித்தார்.

"இந்த அட்டைய யாரு எழுதுனது?"

"நான்தாம்ப்பா."

அடிப்பார் என்று நினைத்தேன். தாழ்ப்பாள் விலகியது.

"நல்லா எழுதுன போ. சாத்தான் பேச்ச பதினோரு மாசமா பையில வச்சுக்கிட்டு காலையில வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுக்குப் போயிருக்கேன்."

பள்ளிக்கூடம் வரைக்கும் என் கையை விடவில்லை.

இப்போது எல்லாரும் தூங்குகிறார்கள், நான் மட்டும் உனக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. மேடு இன்னும் சரியவில்லை. எனக்குப் பயம் மட்டும் போகவில்லை. மீதி முப்பத்தொன்பது அட்டையில் என்ன எழுதினேன் என்றுகூட ஞாபகமில்லை.

கொஞ்ச நேரத்துக்கு முன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அட்டையை என் கையில் வைத்தார். கோபம் இல்லை. மெதுவாகத்தான் கேட்டார். உனக்குப் பதில் தெரிந்தால் சொல்லு ரிஸ்கா.

"மார்ச்சுல தேயிலைய கவ்வாத்து வெட்டுறப்ப குளவிக் கூடு கலைஞ்சிச்சே, ஒம்பது பேர பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்களே. நான் இந்த அட்டைய நெஞ்சோட புடிச்சிக்கிட்டு குப்புறப் படுத்துட்டேன். ஒரு கொட்டுகூட இல்ல. அப்ப அன்னைக்கு என்கூட இருந்தது யாரு புள்ள?"